பார்தாலி இத்தாலியைக் காப்பாற்றினாரா? 1948 ஜூலையில் மூன்று நாட்கள்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தால், கொஞ்ச தூரம் போவதற்குள் இந்தக் கதை வந்து நிற்கும். 1948 ஜூலை 14. ரோம் நகரில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரை ஒருவன் சுட்டுவிடுகிறான். நாடு கொந்தளிக்கிறது, உள்நாட்டுப் போர் வெடிக்கப் போகிறது. பிரதமர் போனை எடுத்து, பிரான்ஸில் பந்தயத்தில் இருக்கும் ஒரு சைக்கிள் வீரரைக் கூப்பிட்டு, "நீ ஜெயிச்சே ஆகணும்" என்கிற மாதிரி கேட்கிறார். 34 வயதை நெருங்கிக்கொண்டிருந்த, எல்லாரும் முடிந்துபோன ஆள் என்று நினைத்திருந்த அந்த வீரர் மறுநாளே ஆல்ப்ஸ் மலையில் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளுகிறார். சேதி கேட்ட ஜனங்கள் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுத் தெருவில் கொண்டாடுகிறார்கள். போர் நின்றுவிடுகிறது.

சினிமாவுக்கு எழுதின மாதிரி இருக்கிறது இல்லையா? நானும் இதை ரொம்ப வருஷம் அப்படியே நம்பினேன், நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஒருநாள் தேதிகளையும் நேரத்தையும் ஒரே ஷீட்டில் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான் உதைத்தது. ஆபீஸில் ஒரு பக் வந்தால் முதலில் லாகை நேர வரிசைப்படி அடுக்குவோம். அந்தப் பழக்கம்தான்.

முதலில் ஆளைப் பற்றி. ஜீனோ பார்தாலி 1914 ஜூலை 18-ல் ஃபுளோரன்ஸுக்குப் பக்கத்தில் போன்தே அ ஏமா என்ற ஊரில் பிறந்தவர். 1938-ல் டூர் டி பிரான்ஸை ஜெயித்தார். பிறகு உலகப் போர். 1940 முதல் 1946 வரை டூரே நடக்கவில்லை. ஒரு மலையேற்ற வீரனுடைய மிகச் சிறந்த வயது அப்படியே போரில் போய்விட்டது. நல்ல கத்தோலிக்கர், சர்ச் இளைஞர் இயக்கத்தில் இருந்தவர், 'பக்திமான் ஜீனோ' என்பது பட்டப்பெயர். இளைய போட்டியாளர் ஃபவுஸ்தோ கோப்பியை நவீன இத்தாலியின் முகம் என்றும், பார்தாலியைப் பழைய இத்தாலியின் முகம் என்றும் பத்திரிகைகள் பிரித்துவைத்திருந்தன. 1948 டூருக்குக் கோப்பி வரவில்லை. பார்தாலி வந்தார். அந்தக் காலத்தில் கம்பெனி அணிகள் கிடையாது, தேச அணிகள்தான். இத்தாலி அணியின் மேலாளர் அல்ஃப்ரேதோ பிந்தா, அவரே பெரிய பழைய சாம்பியன்.

இந்த மாதிரிப் பந்தயம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: தினமும் ஒரு ஸ்டேஜ், எல்லா நாளின் நேரத்தையும் கூட்டிக்கொண்டே வருவார்கள், மொத்தத்தில் யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. 1948-ல் 21 ஸ்டேஜ், 4,922 கிலோமீட்டர். கிளம்பியது 120 பேர், பாரிஸ் வந்து சேர்ந்தது 44 பேர்.

பார்தாலி முதல் ஸ்டேஜை ஜெயித்தார், பிறகு பிரனீஸ் பக்கம் லூர்து, துலூஸ் என்று இன்னும் இரண்டு. ஆனால் மற்ற நாட்களில் நேரம் கரைந்துகொண்டே போனது. மஞ்சள் ஜெர்சி பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த ஒரு ரொட்டிக்கடைக்காரர் மகனிடம் இருந்தது: லூயிசோன் போபே, 23 வயது. ஜூலை 13-ல் சான்ரெமோவிலிருந்து கான் நகருக்கு வந்த ஸ்டேஜையும் போபேதான் ஜெயித்தார். அன்று இரவுக் கணக்கில் பார்தாலி 21 நிமிடம் 28 வினாடி பின்னால். மறுநாள் கானில் ஓய்வு நாள். ஜூலை 14.

அதே காலை, சுமார் பதினொன்றரை மணிக்கு, ரோமில் பாராளுமன்றக் கட்டிடத்தின் பக்கவாசலில் பால்மிரோ தொலியாத்தி வெளியே வருகிறார். (ரஷ்யாவில் லாடா கார் செய்யும் தொலியாத்தி என்ற ஊருக்கு இவர் பேர்தான்.) சிசிலியில் சட்டம் படித்துக்கொண்டிருந்த அன்தோனியோ பல்லாந்தே என்ற மாணவன் கிட்டத்தில் நின்று சுடுகிறான். மூன்று குண்டுகள் உடம்பில்.

இதன் சூடு புரிய வேண்டுமென்றால் மூன்று மாதம் பின்னால் போக வேண்டும். ஏப்ரல் 18 தேர்தலில் அல்சீடே டி காஸ்பெரியின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 48.5 சதவீதம் வாங்கிப் பெரும்பான்மை பிடித்தது. கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்த முன்னணிக்குக் கிடைத்தது 31. போர் முடிந்து மூன்றே வருஷம். ஜெர்மானியரை எதிர்த்துக் காட்டில் சண்டை போட்டவர்களில் பலர் ஆயுதத்தைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, புதைத்து வைத்திருந்தார்கள். அந்த நிலைமையில் தலைவர் மேல் குண்டு. யாரும் அறிவிப்பதற்கு முன்பே தொழிற்சாலைகள் நின்றன. தூரின் நகரில் ஃபியட் தொழிலாளர்கள் நிர்வாகத் தலைவர் வல்லெத்தாவையே உள்ளே பிடித்துவைத்தார்கள். டஸ்கனியில் அப்பாதியா சான் சல்வதோரே என்ற சுரங்க ஊரில் தொலைபேசி நிலையத்தைக் கைப்பற்றினார்கள், அங்கே போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். சி.ஜி.ஐ.எல். தொழிற்சங்கக் கூட்டமைப்பு பொது வேலைநிறுத்தம் அறிவித்தது. ஆகவே "உள்நாட்டுப் போர் அபாயம்" என்ற பாதி மிகை இல்லை. பயம் நிஜம்.

அன்று இரவுதான் அந்தப் பிரபலமான போன் கால். டி காஸ்பெரி கூப்பிட்டார் என்பதை பார்தாலியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் கத்தோலிக்க வட்டத்தில் முன்பே பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை சொல்லப்படும்போதும் உரையாடல் கொஞ்சம் மாறுகிறது, அதனால் வார்த்தைகளை நான் நம்பவில்லை. கூப்பிட்டதை மறுக்கவும் எனக்குக் காரணம் இல்லை.

ஜூலை 15, வியாழக்கிழமை. கான் முதல் பிரியான்சோன் வரை 274 கிலோமீட்டர், வழியில் அலோஸ், வார்ஸ், இசோவார் என்று மூன்று பெரிய கணவாய்கள். மழை, குளிர், மேலே பனி. கணவாய்ச் சாலைகள் இன்றைக்கு மாதிரித் தார் இல்லை, சரளையும் சேறும். 2018-லோ 2020-லோ டூர் பார்த்துப் பழகியவர்கள், 21 நிமிடத்தை ஒரே நாளில் எப்படிப் பிடிக்க முடியும் என்று கேட்பார்கள். அன்றைய பந்தயம் வேறு விலங்கு. பத்து மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் மேல். காதில் ரேடியோ கிடையாது, முன்னால் போனவன் எத்தனை நிமிடம் முன்னே என்பது பின்னால் வருபவனுக்குச் சரியாகத் தெரியாது. உடம்பில் குளிர் ஏறி, வயிற்றில் சாப்பாடு தீர்ந்துவிட்டால் மிதிக்கவே முடியாது. அப்புறம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிமிடக்கணக்கில் போகும். முந்தைய வருஷ சாம்பியன் ஜான் ரோபிக் முதலில் பாய்ந்தார், பிறகு உறைந்து பின்தங்கினார். பார்தாலி அவரைத் தாண்டி இசோவார் மேல் தனியாக ஏறி, பிரியான்சோனுக்குத் தனியாக வந்தார். இரண்டாவது வந்த பெல்ஜியக்காரர் பிரீக் ஸ்கோட்டே ஆறு நிமிடத்துக்கு மேல் பின்னால். போபே அதற்கும் எவ்வளவோ பின்னால் வந்தார். மஞ்சள் ஜெர்சி இன்னும் அவரிடமே, ஆனால் வித்தியாசம் இப்போது சுமார் ஒரு நிமிடம்தான்.

அதாவது, 15-ஆம் தேதி மாலை பார்தாலி டூரை முன்னிலையில் நடத்தவில்லை. கதையில் இந்த இடம் எப்போதும் வேகமாகத் தாண்டப்படும்.

ஜூலை 16. பிரியான்சோன் முதல் எக்ஸ்-லே-பேன் வரை 263 கிலோமீட்டர், கலிபியே, குருவா டி ஃபேர், பிறகு ஷார்த்ரூஸ் மலைகள். மறுபடியும் பார்தாலி. இந்த முறை மஞ்சள் ஜெர்சியும் கைக்கு வந்தது, போபேயை விட எட்டு நிமிடத்துக்கு மேல் முன்னிலை. ஆனால் அதே ஜூலை 16 நண்பகல் 12 மணியோடு பொது வேலைநிறுத்தத்தை முடித்துக்கொள்ள சி.ஜி.ஐ.எல். முடிவு செய்துவிட்டது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இழுக்கும் ஸ்டேஜ் அது. நண்பகல் 12-க்கு பார்தாலி இன்னும் எங்கோ மலையில் மிதித்துக்கொண்டிருக்கிறார். இத்தாலிக்கு மஞ்சள் ஜெர்சி சேதி வந்தபோது வேலைநிறுத்தம் முடிந்து சில மணி நேரம் ஆகியிருந்தது.

எங்கள் தொழிலில் ரேஸ் கண்டிஷன் என்று ஒன்று உண்டு. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும், எது முதலில் முடிகிறதோ அதைப் பொறுத்து விடை மாறும். இங்கே எது முதலில் முடிந்தது என்று லாக் தெளிவாகச் சொல்கிறது.

அப்படியானால் நாட்டை அமைதியாக்கியது யார்? தொலியாத்தி சாகவில்லை என்பதுதான் முதல் விஷயம். பேராசிரியர் வல்தோனி அறுவை சிகிச்சை செய்தார், தலைவர் பிழைத்தார். அவர் இறந்திருந்தால் நான் வேறு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன். மயங்குவதற்கு முன் தோழர்களிடம் நிதானம் இழக்கவேண்டாம் என்று அவரே சொன்னார் என்கிறார்கள். கட்சித் தலைமையும் கிளர்ச்சியைப் புரட்சியாக மாற்றப் போவதில்லை என்று தீர்மானித்தது. இத்தாலி மேற்கத்திய அணியில் இருக்கும் நாடு, ஆயுதம் எடுத்தால் கிரேக்க நாட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த மாதிரிப் போர்தான் மிஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரியும். மாஸ்கோவிலிருந்து ஸ்டாலின் அனுப்பிய தந்தி கூட, தலைவரைப் பாதுகாக்கத் தவறிவிட்டீர்களே என்று கடிந்துகொண்டதே தவிர, எழுந்திருங்கள் என்று சொல்லவில்லை. இன்னொரு பக்கம் உள்துறை அமைச்சர் மாரியோ ஷெல்பாவின் போலீஸ். அது சைக்கிள் சேதிக்குக் காத்திருக்கவில்லை.

பார்தாலிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வருகிறேனா? அதுவும் தப்பு. 15-ஆம் தேதி மாலை அந்த வெற்றி ரேடியோவில் வந்தபோது, காப்பிக்கடையில் முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு கட்சிக்காரர்களுக்கும் பேச வேறு ஒன்று கிடைத்திருக்கும். பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் ஓடிவந்து சேதி சொன்னதும் சபையின் சூடு கொஞ்சம் இறங்கியது என்றும் ஒரு கதை உண்டு. இதையெல்லாம் அளக்க முடியாது, பொய் என்று தள்ளவும் முடியாது. மூடு மாறுவது நிஜமான விஷயம்தான். ஆனால் அது முடிவெடுத்த இடம் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தக் கதையில் யார் காணாமல் போகிறார்கள் என்று பாருங்கள். அந்த மூன்று நாளில் தொழிலாளர்களும் போலீஸ்காரர்களும் செத்தார்கள். அடுத்த மாதங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள். வேலைநிறுத்தத்தை எதிர்த்துக் கத்தோலிக்கப் பிரிவினர் சி.ஜி.ஐ.எல்.-ஐ விட்டு வெளியேறினார்கள். பாசிசத்துக்குப் பின் ஒன்றாகக் கட்டப்பட்ட தொழிற்சங்கம் அந்த வருஷமே உடைந்தது, இன்றுவரை ஒட்டவில்லை. "ஜனங்க சந்தோஷமா தெருவுக்கு வந்தாங்க, எல்லாம் சரியாப்போச்சு" என்று முடித்தால் இதற்கெல்லாம் இடமே இல்லை. ஆட்சியில் இருந்த கட்சிக்கும் அந்த முடிவு வசதி. கட்டுப்பாட்டைக் காட்டிய கம்யூனிஸ்ட் தலைமைக்கும், சுட்டுத்தள்ளிய போலீஸுக்கும் பதிலாக, ஒரு நல்ல கத்தோலிக்க சைக்கிள்காரர் ஹீரோ.

இத்தனைக்கும் பார்தாலிக்கு வேறு ஒரு கதை இருந்தது. அதை அவர் சொல்லிக்கொண்டு திரியவில்லை. 1943 இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர் ஃபுளோரன்ஸைப் பிடித்தபின், பேராயர் எலியா தல்லா கோஸ்தா நடத்திய ரகசிய உதவி வலையில் பார்தாலி தூதராக இருந்தார், பயிற்சிக்குப் போகிற மாதிரி அசிசி வரை மிதித்து, யூதர்களுக்கான போலி அடையாளத் தாள்களை சைக்கிள் ஃபிரேமின் குழாய்க்குள் மறைத்துக் கொண்டுபோனார் என்பது அந்தக் கதை. ஒரு யூதக் குடும்பத்துக்கு ஒளிந்துகொள்ள இடமும் கொடுத்தார். 2013-ல், அவர் இறந்து 13 வருஷம் கழித்து, இஸ்ரேலின் யாத் வஷேம் அவரை கௌரவித்தது. தாள் கடத்தியதற்கு அந்தக் காலத்து ஆதாரம் போதுமா என்று சில இத்தாலிய வரலாற்றாளர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். 1948 கதைக்கு இவ்வளவு கேட்ட நான் இதற்கு மட்டும் சலுகை கொடுக்க முடியாது.

சரி, பந்தயம். ஜூலை 17 ஓய்வு. 18-ஆம் தேதி, தன் 34-ஆவது பிறந்தநாளில், லோசான் நகரில் முடிந்த ஸ்டேஜையும் பார்தாலியே ஜெயித்தார், தொடர்ந்து மூன்றாவது. மொத்தம் ஏழு ஸ்டேஜ். பாரிஸில் ஸ்கோட்டேயை விட 26 நிமிடம் 16 வினாடி முன்னால். இரண்டு டூர் வெற்றிகளுக்கு நடுவே பத்து வருஷம், அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. போபே நாலாவது.

அடுத்த மாதமே இந்த தேசிய ஹீரோ உலக சாம்பியன்ஷிப்பில் கோப்பியோடு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே ஓட்டி, இரண்டு பேருமே பந்தயத்தை விட்டு வெளியேறினார்கள். இத்தாலிய சைக்கிள் சங்கம் இருவரையும் தடை செய்தது. நாட்டை ஒற்றுமையாக்கியவர் என்ற பட்டம் ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை என்று சிரிக்கத் தோன்றுகிறது.

அந்த இருபது நிமிடத்தை ஒரே நாளில் இழந்த போபேயை யாரும் அதிகம் நினைப்பதில்லை. 1953-ல் அவர் அதே இசோவார் மேல் தனியாக ஏறி, அதே பிரியான்சோனில் ஜெயித்து, மஞ்சள் ஜெர்சியைப் பாரிஸ் வரை கொண்டுபோனார். 54, 55-லும் அவர்தான், தொடர்ந்து மூன்று டூர் ஜெயித்த முதல் ஆள். 1953-ல் அவர் இசோவார் ஏறியபோது கோப்பி சாலையோரம் ரசிகராக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்தாலி பந்தயத்துக்குள்ளேயே, பின்னால் எங்கோ ஏறிக்கொண்டிருந்தார். அந்த டூர் நடக்கும்போதே அவருக்கு 39 வயது முடிந்தது. பதினோராவதாக முடித்தார்.