பெயரற்றவர்களின் முகவரி

குடியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சட்டத்திலிருந்து தொடங்குவார்கள், இல்லாவிட்டால் மருத்துவத்திலிருந்து. குடியை விட நினைத்த ஒருத்தன், தன்னைப் போன்ற இன்னொருத்தனை எங்கே போய்த் தேடினான் என்பது இந்த இரண்டு சொல்லாடல்களுக்குள்ளும் வராத கேள்வி. இதைப் பிடித்துக்கொண்டு போனால் அமைப்பு, தலைமை, பிரச்சாரம் என்று நாம் பேசித் தீராத சில விஷயங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன.

1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றில் வழக்கமாகக் கூடும் ஆறு பேர், இனிக் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். வாஷிங்டோனியன்கள் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதுவரை மதுவிலக்குப் பிரச்சாரம் பெரும்பாலும் குடிக்காதவர்கள் குடிக்காதவர்களிடம் பேசியதுதான். குடிகாரனை அவர்கள் எப்போதோ தலைமுழுகியிருந்தார்கள். இவர்களோ குடித்தவனையே மேடையேற்றிப் பேச வைத்தார்கள். கூட்டம் எங்கே என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. கூட்டமே தெருவில் ஊர்வலமாக வந்தது. 1842 பிப்ரவரி 22ல் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த இவர்கள் கூட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் பேசினார். பழைய பிரச்சாரகர்களின் கண்டிக்கிற தொனியை நேரடியாகவே விமர்சித்த பேச்சு அது.

பத்து வருஷத்துக்குள் இயக்கம் அநேகமாகக் கரைந்துவிட்டது. சட்டம் வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள். மேடை இன்னொரு பக்கம் தின்றது. ஜான் கஃப் என்ற புகழ்பெற்ற பேச்சாளர் 1845ல் நியூயார்க்கில் மறுபடி குடித்து மாட்டிக்கொண்டபோது பத்திரிகைகள் அதை விடவில்லை. முகத்தை வைத்து வளர்ந்த இயக்கம் முகத்தோடேயே அடிவாங்கியது.

1920ல் வந்த தேசிய மதுவிலக்கு 1933ல் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து, 1935 மே மாதம், ஒஹையோ மாநிலத்தில் டயர் கம்பெனிகளின் ஊரான ஏக்ரனில் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தை ஆள், வந்த காரியம் தோற்று, ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம். ஒரு கோடியில் பார். இன்னொரு கோடியில் டெலிபோன், பக்கத்தில் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல். பட்டியலைப் பார்த்துப் பாதிரியாருக்குப் போன் போட்டார். அவர் கேட்டது வைத்தியரை அல்ல, புத்திமதியை அல்ல. பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அந்தச் சங்கிலி ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி வழியாக, மே 12ஆம் தேதி டாக்டர் பாப் ஸ்மித்திடம் கொண்டுபோய்விட்டது. கால்மணி நேரம் என்று சொல்லிக்கொண்டு வந்த டாக்டர் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., இங்கேதான் தொடங்குகிறது.

ஃபூக்கோ படித்தவர்கள் உடனே இது பாவமன்னிப்புக் கூண்டு என்பார்கள். அப்படிச் சொல்லிட்டுப் போய்விட முடியாது. கூண்டில் கேட்கிறவர் தன்னைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவருடைய அதிகாரமே அந்த மௌனம்தான். இங்கே கேட்டுக்கொண்டிருப்பவர் அடுத்து தன் கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்கிறவருக்கும் அதில்தான் பிழைப்பு.

சரி, பெயரே இல்லாதவர்களை எப்படித் தேடிப் பிடிப்பது? 1939ல் அவர்கள் புத்தகம் வந்தது. அந்த மே மாதமே கிளீவ்லண்டுக்காரர்கள் ஆக்ஸ்ஃபோர்ட் குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து பிரிந்து புத்தகத்தின் பெயரைக் குழுவுக்கு வைத்தார்கள். கத்தோலிக்கர்கள் உள்ளே வரத் தயங்கிய கதவு அது. 1941 மார்ச் 1ல் ஜாக் அலெக்சாண்டர் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்டில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு நியூயார்க் அலுவலகத்தில் கடிதங்கள் குவிந்தன. சுமார் 2,000 பேர் வருஷக் கடைசியில் 8,000 ஆனதாக அவர்கள் கணக்கு. குழு இல்லாத ஊர்க்காரருக்குப் போன பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது: புத்தகத்தை வைத்துக்கொள், இன்னொரு குடிகாரரைத் தேடு. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் குழு. கிளைத் திறப்பு விழா, மாவட்டச் செயலாளர் எதுவும் வேண்டாம்.

1945ல் வில்சன் தங்கள் பத்திரிகையில் வாஷிங்டோனியன்களின் சரிவைப் பாடமாக எழுதினார். 1950ல் கிளீவ்லண்ட் மாநாடு ஏற்ற பன்னிரண்டு மரபுகளில் அந்தப் பயம் தெரிகிறது. வெளிப்பணம் கூடாது, வெளிப்பிரச்சினைகளில் கருத்துக் கூடாது, பத்திரிகையில் பெயர் கூடாது.

குடிப்பதை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி என்பதும் மரபுதான். ஆனால் 1940களில் பல வெள்ளைக் குழுக்களின் கதவு கறுப்பர்களுக்குத் திறக்கவில்லை. 1945ல் வாஷிங்டன் டி.சி.யில் கறுப்பின மருத்துவர் ஒருவர் முன்னின்று தனிக் குழு தொடங்க வேண்டிவந்தது. பெயரை மறைக்கலாம், தோலை எங்கே மறைப்பது? சாதி தெரிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

சாராய முதலாளியைப் பற்றி வாயைத் திறக்காத அமைப்பு என்று தோழர்கள் ஒதுக்குவது நியாயம்தான், பாதி. மதுவை எதிர்த்து மறியல் செய்யும் ஊரிலும் அன்றைக்கு ராத்திரி கை நடுங்குகிறவன் ஒருத்தன் இருப்பான். கோஷம் அவனிடம் போய்ச் சேராது.

இந்தியாவுக்கு ஏ.ஏ. வந்தது 1957ல், டில்லிக்கு. வெளியாட்களும் வரலாம் என்ற திறந்த கூட்டம் ஒன்றில், தமிழ்நாட்டில், நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். மாலைநேர வகுப்பறை, பிள்ளைகளின் குட்டி பெஞ்சு, டீ. குடிப்பவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டம் வேறு நாள். 2003லிருந்து சில்லறை மதுவை அரசே விற்கும் இந்த மாநிலத்தில் கடைக்குப் போர்டு உண்டு, எண் உண்டு. அந்த வகுப்பறையை நான் இரண்டு பேரிடம் வழி கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். முதல் தடவை வந்திருந்த ஒருத்தரை, ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கூட்டிவந்தார்.