ரத்த வாடை வந்தால் குதிரை மிரளுமா? கூட்டாளி இறந்தால் அதற்குத் தெரியுமா?

இறைச்சிக் கூடத்தைத் தாண்டும்போது குதிரை சட்டென நின்றுவிடும். காது இரண்டும் விறைக்கும், மூக்குத் துவாரம் விரியும், எவ்வளவு தட்டிக்கொடுத்தாலும் ஓரடி நகராது. குதிரை வளர்ப்பவர்கள் பல நாடுகளில் சொல்லும் அனுபவம் இது. 'சாவை அது மோப்பம் பிடிச்சிடும்' என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். உண்மையில் அப்படித்தானா?

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் யன்னே கிறிஸ்டென்சனும் உடன் பணியாற்றியவரும் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அறுக்கப்பட்ட குதிரைகளின் ரத்த வாடை, ஓநாய் ரோமத்தின் வாடை, ஓநாய் சிறுநீர் என ஒவ்வொன்றையும் குதிரைகளுக்கு முகரக் கொடுத்து, அவற்றின் இதயத் துடிப்பை அளந்தார்கள்.

குதிரைகள் மோந்து மோந்து பார்த்தன. தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் கவனித்தன. ஆனால், இதயத் துடிப்பு கூடவில்லை! அதாவது, எச்சரிக்கை வந்தது, பயம் வரவில்லை.

அடுத்த கட்டம்தான் முக்கியம். ஓநாய் வாடையோடு திடீர் சத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சத்தத்தை மட்டும் கேட்ட குதிரைகளைவிட, வாடையும் சத்தமும் சேர்ந்து வந்த குதிரைகள் மீண்டும் தீவனத்தில் வாய் வைக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டன.

குதிரை வேட்டையாடும் விலங்கு அல்ல, வேட்டையாடப்படும் விலங்கு. ஒவ்வொரு வாடைக்கும் தலைதெறிக்க ஓடினால் மேயவே நேரம் இருக்காது. அதனால் வாடை வந்ததும் முதலில் உஷாராகிறது. அதற்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்தால் கூடப் போதும், பாய்ந்துவிடும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்து வருவது இந்த இரண்டாவது நொடியில்தான். சுமார் 500 கிலோ எடை கொண்ட ஒரு விலங்கு திரும்பி ஓட ஆரம்பித்தால் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. இறைச்சிக் கூடம் என்றால் வாடை மட்டுமா இருக்கும்? இயந்திர இரைச்சல், லாரிகள், மற்ற விலங்குகளின் அலறல் எல்லாமே இருக்குமே.

இப்படிப்பட்ட இடங்களில் அனுபவமுள்ள, பதறாத இன்னொரு குதிரையைக் கூட அழைத்துச் செல்வது பழைய வழக்கம். பக்கத்தில் இருக்கும் குதிரை அமைதியாக இருந்தால் இதுவும் கொஞ்சம் அடங்கும். கிறிஸ்டென்சன் நடத்திய வேறோர் ஆய்வும் இதை உறுதி செய்திருக்கிறது.

எப்படி மோப்பம் பிடிக்கிறது?

குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும், நம்மைப் போல வாயால் விட முடியாது. மூக்குக்குள் வாசனை நரம்புகள் தவிர ஜேக்கப்சன் உறுப்பு என்ற இன்னொரு அமைப்பும் உண்டு. புதிதாக ஒரு வாடை வந்தால் தலையை உயர்த்தி, மேல் உதட்டைச் சுருட்டி, அந்த வாடையை உள்ளே இழுத்து அந்த உறுப்புக்கு அனுப்பும். 'குதிரை சிரிக்குது பாருங்க' என்று நாம் ரீல்ஸில் பார்க்கும் அதே முகம்தான்.

செத்த ஆட்டோடு விளையாட்டு

செத்த விலங்கின் மீதான பயம் பிறவியிலேயே ஊறியது என்றால், ஆப்கானிஸ்தானின் புஸ்காஷி விளையாட்டே நடந்திருக்காது. தலை நீக்கிய ஆட்டின் உடலைப் பறித்துக்கொண்டு குதிரையில் பறக்கும் விளையாட்டு அது. கிர்கிஸ்தானில் இதே வகை விளையாட்டுக்குப் பெயர் கோக் போரு. அதை 2017-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஸ்காட்லாந்து மலைகளிலோ, வேட்டையாடப்பட்ட மான்களை முதுகில் சுமந்து இறங்குவதே ஹைலேண்ட் மட்டக்குதிரைகளின் பரம்பரைத் தொழில். ரத்தம் கசியும் உடல் முதுகின் மேலேயே கிடக்கும், அது பாட்டுக்கு நடக்கும். எல்லாம் படிப்படியாகப் பழக்கியதன் பலன்.

கூட்டாளி இறந்தால்?

முன்பின் தெரியாத விலங்கின் ரத்தம் வேறு, கூடவே மேய்ந்த துணை வேறு. குட்டியை இழந்த தாய்க்குதிரை உடலை விட்டு நகராமல் மணிக்கணக்கில் நிற்பதும், மூக்கால் தள்ளிப் பார்ப்பதும் உண்டு. ஜோடியாக இருந்த ஒன்று போய்விட்டால், மற்றது கனைத்துக்கொண்டே வேலியோரம் அலையும். சில குதிரைகள் தீவனத்தைத் தொடாது. சிலவோ உடலை ஒருமுறை மோந்துவிட்டு மேயப் போய்விடும். அது பாசம் இல்லாததாலா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. மரணம் என்றால் திரும்பி வராமை என்பது குதிரைக்குப் புரிகிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. துணை இல்லாத வெறுமையை அது உணர்கிறது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

இது வெறும் உணர்ச்சி விஷயம் இல்லை, உயிர் போகிற விஷயமும் கூட. குதிரை இனத்தின் நெருங்கிய சொந்தமான கழுதையில் இது தெளிவாகத் தெரியும். துணையை இழந்த கழுதை தின்பதை நிறுத்தினால், உடலில் சேர்ந்த கொழுப்பு கரைந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் கலக்கும். ஹைப்பர்லிபீமியா எனப்படும் இந்த நிலையில் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டுச் சில நாட்களிலேயே மரணம் நேரலாம். மட்டக்குதிரைகளுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

அதனால்தான் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள 'டாங்கி சேங்ச்சுவரி' என்ற கழுதைகள் காப்பகம், இறந்த கழுதையின் உடலை உடனே தூக்கிச் செல்ல வேண்டாம் என்கிறது. துணைக் கழுதை மோந்து, தள்ளிப் பார்த்து, தானாகவே ஆர்வம் குறைந்து விலகும் வரை உடல் அங்கேயே இருக்கட்டும் என்பது அதன் அறிவுரை. அடுத்து வரும் நாட்களில் அந்தக் கழுதை எவ்வளவு தின்கிறது என்பதை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். தீவனம் குறைந்தாலோ சோர்வாகத் தெரிந்தாலோ, ஒருநாள் கூடத் தள்ளிப்போடாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.