சத்துணவுத் திட்டமும் குழந்தை வளர்ச்சித் தரவுகளும்

1982 ஜூலை 1 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊரகப் பகுதிகளில் 2 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு மையங்களிலும், 5 முதல் 9 வயது வரையிலானோருக்குத் தொடக்கப் பள்ளிகளிலும் மதிய உணவு வழங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இது நகர்ப்புறங்களுக்கும், 1984இல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

மதிப்பீட்டுச் சிக்கல்

மாநிலத்தின் ஊரகப் பகுதி முழுவதிலும் திட்டம் ஒருசேர நடைமுறைக்கு வந்ததால், எந்த ஊர்க் குழந்தையும் காத்திருக்க நேரவில்லை. ஆனால் ஒரு திட்டத்தின் பயனை அளக்க, அது சென்ற ஊர்களையும் செல்லாத ஊர்களையும் ஒப்பிட வேண்டும். இங்கே அவ்வாறு ஒப்பிட ஊர்கள் எஞ்சவில்லை. வருகைப் பதிவேடு எத்தனை பேர் உண்டனர் என்று சொல்லும். அவர்கள் எவ்வளவு வளர்ந்தனர் என்று சொல்லாது.

எடையை அடிப்படையாகக் கொண்ட திட்டம்

உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வேறு முறையைக் கையாண்டது. மதுரை மாவட்டக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் சோதிக்கப்பட்டு, பின்னர் படிப்படியாகப் பிற ஒன்றியங்களுக்குச் சென்றது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளின் எடை மாதந்தோறும் பார்க்கப்பட்டு, வளர்ச்சி அட்டையில் குறிக்கப்பட்டது. எடை போதிய அளவு கூடாத குழந்தைகளுக்கு 90 நாட்களுக்குக் கூடுதல் உணவு தரப்பட்டது. இதனால் உணவு யாருக்குத் தேவை என்பதைத் தீர்மானித்த அதே அட்டை, ஆய்வுக்கான தரவாகவும் ஆனது.

திட்டம் படிப்படியாகப் பரவியதால் ஒன்றியங்களை ஒப்பிடவும் முடிந்தது. எனினும் 1982க்குப் பின் ஒப்பீட்டு ஒன்றியங்களிலும் 2 வயது நிரம்பிய குழந்தைகள் சத்துணவு உண்டனர். எடை மாற்றத்தில் எத்திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினமாயிற்று.

கணக்கெடுப்புகள்

திட்டப் பணியாளரே எடை பார்த்துப் பதியும்போது பிழைகள் நேரலாம். அதனால் வெளியிலிருந்து செய்யப்படும் கணக்கெடுப்பும் தேவைப்படுகிறது. 1992–93இல் நடந்த முதலாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், அளவுப் பலகைகள் இல்லாததால் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் உயரம் அளக்கப்படவில்லை. எடை மட்டுமே பதிவானது. வயதுக்கேற்ற உயரமின்மை நீண்டகால ஊட்டக்குறைவைக் காட்டுவது. அக்கால நிலையை அறிய அந்த அளவு கிடைக்கவில்லை. 2015–16இல் நடந்த நான்காம் கணக்கெடுப்பில்தான் நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் தனித்தனி மதிப்பீடுகள் கிடைத்தன. அதன் மூலம் திருச்சிராப்பள்ளிக் குழந்தைகளின் நிலையைப் பிற மாவட்டங்களுடன் ஒரே அளவுகோலில் ஒப்பிட முடிந்தது. பாப்பாக்குறிச்சியில் திட்டம் தொடங்கி அப்போது 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.