சுவரில் எழுதிய கணக்கு

வீட்டிலக்கத்தை நாம் வெறும் அடையாளமாகவே கருதிப் பழகிவிட்டோம். கடிதம் வந்து சேர உதவுவது என்பதற்கு மேல் அதிற் பொருளில்லை என எண்ணுகிறோம். ஆனால், சுவரில் அதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று வினவினால், வரலாறு விடை கூறும். வியன்னா நகரம் இதற்குத் தக்க சான்று.

1770ஆம் ஆண்டில், மகாராணி மரியா தெரேசாவின் ஆணைப்படி ஒஸ்திரியாவில் வீடுதோறும் இலக்கம் எழுதப்பட்டது. குடிகளின் வசதி கருதியன்று. படைக்கு ஆள் திரட்டுவதற்காக. ஆண்களோடு வண்டியிழுக்கும் விலங்குகளும் எண்ணப்பட்டன. உழைப்பவனுக்கு அவ்விலக்கம் உணர்த்திய செய்தி ஒன்றே: நீ இருக்குமிடம் அரசுக்குத் தெரியும்.

ஒன்றரை நூற்றாண்டின் பின் அதே நகரின் சுவர்கள் வேறு மொழி பேசின. 1919இல் மாநகராட்சியைப் பெற்ற சமூக ஜனநாயகவாதிகள் 1923இல் வீடமைப்பு வரியை விதித்தனர். மாளிகைவாசிக்குப் பெருவரி, தொழிலாளிக்குச் சிறுவரி. அவ்வரிப்பணத்தின் துணையோடு 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவை சிறியவையே. ஆயினும் முன்பு பல குடும்பங்களுக்குப் பொதுவாய் நடைவழியிலிருந்த நீர்க்குழாயும் மலசலகூடமும் இப்போது வீட்டுக்குள் வந்தன.

இத்தொடர்மாடிகளின் முகப்பிலே பெரிய சிவப்பு எழுத்துக்களைக் காண்கிறோம். கட்டடத்தின் பெயர், கட்டிய ஆண்டுகள், கட்டியது வியன்னா மாநகராட்சி, பணம் வீடமைப்பு வரியிலிருந்து வந்தது என்ற விபரம் ஆகியன அங்கே பொறிக்கப்பட்டன. முன்னர் அரசு மக்களைக் கணக்கெடுத்தது; இங்கே ஆட்சி மக்களுக்குக் கணக்குக் காட்டியது. தெருவிற் செல்லும் எவரும் படிக்கத்தக்க அளவில் அக்கணக்கு எழுதப்பட்டது.

கார்ல் ஏன் என்ற கட்டடக் கலைஞர் வகுத்த 'கார்ல் மார்க்ஸ் ஹோவ்' 1930இல் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீற்றருக்கும் மேல் நீண்ட அதில் 1,382 வீடுகள். இலக்கமிட்ட படிக்கட்டுகளை உள்முற்றங்களின் வழியே அடைய வேண்டும். இலக்கம் தேடிச் செல்பவர் அயலாரைக் காணாது வீடு சேர்வது அரிது.

1934 பெப்ரவரியில் அரசப் படையின் பீரங்கிகள் இக்கட்டடத்தைத் தாக்கின. வென்றவர்கள் சுவரை விட்டுவைத்தனர். மார்க்ஸின் பெயரை அகற்றினர். 1945இல் அப்பெயர் மீண்டது.

சுவர் எழுத்தை அலங்காரமென்று தள்ளிவிடுவோர் இதனைச் சிந்திக்கட்டும். வெற்று அலங்காரத்தை எந்தச் சர்வாதிகாரியும் அஞ்சி அழிப்பதில்லை. பொதுக் கட்டடமொன்றைக் காணும்போது, திறந்துவைத்தவரின் பெயரோடு நின்றுவிடாது, யாருடைய பணம், யாருடைய உழைப்பு என்று கேட்க நாமும் எமது மாணவரும் பழகுதல் வேண்டும்.