பேறுகாலப் பணி: சேத்தூர் வட்டாரமும் தமிழ்நாடும்

பேறுகாலப் பணி என்பது கருவுற்ற நாள் முதல் பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியும் வரை தாயையும் சேயையும் பார்த்துக்கொள்ளும் தொழில். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் பழைய ஜமீன் ஊரான சேத்தூரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும், தென் தமிழ்நாட்டின் மற்றக் கிராமங்களைப் போலவே, இதை நெடுங்காலம் செய்தவர் மருத்துவச்சி. இன்று அந்தத் தொழில் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

மருத்துவச்சி பெரும்பாலும் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண். கணவர் ஊராருக்குச் சவரம் செய்வார், மனைவி பேறு பார்ப்பார். கூலி நெல்லாகவோ சேலையாகவோ வரும். பாதி ஊர் அவர் கையில் பிறந்திருந்தாலும், தீட்டுக் கழிந்த பிறகு அவரை நடுவீட்டுக்குள் விடாத வீடுகள் உண்டு.

கைத்திறனில் அவர் குறைந்தவரல்லர். வலி கண்டதும் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார். சூட்டுவலி என்றால் அடங்கிவிடும், பேறுவலி என்றால் கூடும். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலாலேயே கண்டுகொள்வார். பெண்ணை மல்லாக்கப் போடமாட்டார். குத்தவைத்து, உத்திரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்கச் சொல்வார். தாய் விரும்பினால் நிமிர்ந்த நிலையில் பெறலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது இதையொட்டியதுதான். பிள்ளைக்குச் சேனை தொட்டு வைப்பதும், தாய்க்கு வேது பிடிப்பதும், காயம் என்னும் பேறுகால மருந்தைக் கிண்டித் தருவதும் அவர் பொறுப்பு.

ஆனால் நஞ்சுக்கொடி இறங்காமல் உதிரம் பெருகினால் அவரிடம் மருந்து இல்லை. ரத்தக் கொதிப்பு ஏறி ஜன்னி கண்டாலும் அப்படித்தான். பழஞ்சேலைக் கிழிசலும் தொப்புள்கொடி அறுத்த அரிவாளும் ரணஜன்னியைக் கொண்டுவந்தன. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்குச் சுமார் 20 தாய்மார் இறப்பதாகவும், ஆண்டுக்கு 2 லட்சம் பெண்கள் பேறுகாலத்தில் மடிவதாகவும் கணக்கிட்டது.

ஆங்கில அரசின் மருத்துவர்கள் இதற்கெல்லாம் மருத்துவச்சியின் அழுக்குக் கையையே காரணம் காட்டினர். பாதி உண்மைதான். வியன்னா மருத்துவமனையில் பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த மருத்துவர்களின் கையே காய்ச்சலைப் பரப்பியது என்று அங்கே பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் காட்டியதும் 1847இல்தான். சென்னையில் 1844இல் பிள்ளைப்பேற்று மருத்துவமனை தோன்றி, பின்னர் எழும்பூரில் நிலைகொண்டது. 1854இல் அங்கே தாதியர் பயிற்சி தொடங்கிற்று. ஆண் மருத்துவரிடம் வராத பெண்களுக்காக மருத்துவம் படிக்க முன்வந்த மேரி ஷார்லீப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர். 1885இல் கோஷா மருத்துவமனை அவர் முயற்சியில் எழுந்தது. நாட்டு மருத்துவச்சிகளுக்கே பயிற்சி தர 1903இல் விக்டோரியா நினைவு நிதி ஏற்பட்டது. 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், தாதியர் சட்டம் வந்தது. 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய்சேய் நலத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. சட்டங்கள் சென்னையில் இயற்றப்பட்டன, சேத்தூரில் வலி கண்டவளுக்கு அப்போதும் மருத்துவச்சிதான்.

கிராமத்தில் மாற்றத்தைக் கொண்டுவந்தவர் நர்ஸம்மா, அதாவது துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒருவர் என்பது விதி. கர்ப்பிணியைப் பதிவது, இரும்புச்சத்து மாத்திரை, ரணஜன்னித் தடுப்பூசி, ரத்த அழுத்தம் பார்ப்பது, வீட்டிலேயே பேறு பார்ப்பது எல்லாம் அப்போது அவர் வேலை. மருத்துவச்சியின் பணியை நிறைவு செய்திருக்க வேண்டியவர் இவர்தான்.

2004க்குப் பிறகு நடந்தவற்றைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் தாய்மார் உயிர் காத்தது கட்டடம் மட்டுமன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து அமர்த்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்தனர். ரத்த வங்கியும் அறுவை அரங்கும் கொண்ட அவசர மகப்பேற்று மையங்களை மாவட்டம்தோறும் அமைத்தனர். 2008இல் 108 ஊர்தி ஓடத் தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை 2006இல் 6,000 ரூபாயாக உயர்ந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது தாய்மரணத் தணிக்கையை. 1994இல் தொடங்கி 2004இல் கட்டாயமான இந்த முறையில், ஒரு தாய் இறந்தால் அவள் வீட்டுக்கே போய் விசாரிக்கிறார்கள். எத்தனை மணிக்கு வலி கண்டது, வண்டி எப்போது வந்தது, எந்த மருத்துவமனை திருப்பி அனுப்பியது என்று கேட்டு எழுதி, ஆட்சியர் முன்னிலையில் அலசுகிறார்கள். மகப்பேற்று மரணத்தைத் தலைவிதி என்று விட்டுவந்த சமூகத்தில், இதற்கு யாரோ பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டது இந்தத் தணிக்கை.

மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2001–03இல் 134 ஆக இருந்த தாய்மரணம் 2018–20இல் 54 ஆகியது. அதே காலத்தில் இந்திய அளவு 301இலிருந்து 97க்கு இறங்கியது. 2022 ஜனவரியில், சேத்தூர் இருக்கும் மாவட்டத்தின் தலைநகரான விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது.

இழப்பும் உண்டு. பிரசவம் சுகாதார நிலையத்துக்கு நகர்ந்தபின் நர்ஸம்மாவின் கையில் மிஞ்சியது பதிவேடும் கணினியும். கணக்கு எழுதுவதே அவர் வேலையாகிவிட்டது என்பது என் கருத்து. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019–21) தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிள்ளைகள் அறுவையில் பிறந்தன. தனியார் மருத்துவமனையில் மட்டும் 63.8. அறுவை தேவைப்படும் பெண்கள் இத்தனை பேர் இருக்க முடியாது. கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை, அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட அதிகம். இயல்பான பேற்றைத் தாமே பார்க்கும் தனித் தாதியர் பணியை நாடு முழுதும் உருவாக்க 2018இல் இந்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது.

அதே 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பேறு 99.6 விழுக்காடு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிறப்பைப் பதியும் படிவத்தில், பேறு பார்த்தவர் யார் என்ற கேள்விக்குக் கீழே பரம்பரை மருத்துவச்சிக்கென்று ஒரு கட்டம் உண்டு.