பெயரும் அறிவும்: ஒரு தரை ஓர்க்கிட்டின் வரலாறு

தாவரமொன்றுக்குப் பெயரிடுதல் வேறு. அதனை அறிதல் வேறு. ஐரோப்பியர் கடல்வழியே பிற கண்டங்களை அடைந்த காலத்தில் ஆயிரக்கணக்கான செடிகொடிகள் உலர்த்தப்பட்டு, தாள்களில் ஒட்டப்பட்டு, இலத்தீன் பெயர்களைப் பெற்றன. பெயர் பெற்றவையெல்லாம் அறியப்பட்டுவிட்டன என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது. இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்மேற்குக் கரையோரக் காடுகளில் வளரும் தரை ஓர்க்கிட் ஒன்றின் வரலாறு உணர்த்துகின்றது.

1801 டிசெம்பரில் மத்தியூ பிளின்டர்சின் 'இன்வெஸ்டிகேற்றர்' கப்பல் கிங் ஜோர்ஜ் சவுண்ட் குடாவை அடைந்தது. அக்கப்பலில் வந்த தாவரவியலாளர் றொபேட் பிறவுண் அவுஸ்திரேலியக் கரைகளிற் பெருந்தொகையான தாவரங்களைச் சேகரித்தார். நூங்கர் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த அந்நிலம் ஐரோப்பிய அறிவியலுக்கு மட்டுமே புதியது. 1810 இல் வெளியிட்ட நூலிற் பிறவுண் இவ்வோர்க்கிட்டுக்கு 'கிறிப்டோஸ்டைலிஸ் ஓவாட்டா' எனப் பெயரிட்டார். சாதிப்பெயர் 'மறைந்த தம்பம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களாலானது. அப்பகுதித் தரை ஓர்க்கிட்டுகளுட் பெரும்பாலானவை கோடையில் நிலத்தின் மேல் அழிந்து கிழங்காய் உறங்க, இதுவோ ஆண்டு முழுவதும் பசிய இலையுடன் நின்று கோடையிற் பூக்கின்றது. இதே சாதியைச் சேர்ந்த வேறோர் இனம் இலங்கையிலும் உண்டு.

பெயரிட்டவர் பூவின் செயலை அறிந்திருந்தாரா? பிறவுண் சாதாரணர் அல்லர். ஓர்க்கிட்டுகளின் கருக்கட்டலை ஆராய்கையில், 1831 இல், கலத்தின் கருவுக்குப் பெயர் தந்தவர் அவரே. எனினும், சில ஓர்க்கிட் பூக்கள் பூச்சிகளை ஒத்திருப்பது பூச்சிகளை விரட்டுவதற்கே என அவர் கருதினார். 1793 இல் ஸ்பிறெங்கல் என்ற ஜேர்மானியர், தேனில்லாத பூக்களும் தேனிருப்பதாகக் காட்டிப் பூச்சிகளை ஏமாற்றலாம் என எழுதியிருந்தார். 1862 இல் ஓர்க்கிட்டுகள் பற்றித் தனி நூலெழுதிய டார்வினோ, பூச்சிகள் அவ்வாறு தொடர்ந்து ஏமாறும் என்பதை ஏற்கத் தயங்கினார். வண்டோர்க்கிட் பூக்களைத் தேனீக்கள் தாக்குவதாக வந்த செய்தியை அந்நூலிற் குறித்தும் அதன் பொருளை அவரால் ஊகிக்க இயலவில்லை.

விடை பல்கலைக்கழகங்களுக்கு வெளியிலிருந்தே வந்தது. அல்ஜீரியாவில் நீதிபதியாகப் பணிபுரிந்த புயான் என்பவர், ஓப்பிறிஸ் என்னும் ஓர்க்கிட்டின் பூவைப் பெண்பூச்சியெனக் கருதி ஆண்பூச்சி புணர முயல்வதைப் பல்லாண்டுகள் அவதானித்தார். 1916 இல் அவரும் கொறவோன் என்பாரும் இதனை வெளியிட்டனர். அது பரவலான கவனத்தைப் பெறவில்லை.

1927 இல் இதனைத் தனித்து மீண்டும் கண்டவர் விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்த எடித் கோல்மன் (1874–1951). ஆசிரியராகப் பணியாற்றிய அவர் பட்டதாரி அல்லர். தமது நாற்பதுகளின் இறுதியிலேயே இயற்கையாளர் கழகத்திற் சேர்ந்தவர். கிறிப்டோஸ்டைலிஸ் லெப்டோகைலா என்னும் இனத்தின் பூவினுட் குளவியொன்று பின்புறமாக நுழைவதை முதலில் அவர் மகள் கண்டு கூறினார். கோல்மன் பூக்களைக் கொணர்ந்து வைத்தும், வந்த குளவிகளைப் பிடித்தும் ஆராய்ந்தார். வந்தவை யாவும் ஆண்களே. மகரந்தத் திரள்கள் அவற்றின் வயிற்று நுனியில் ஒட்டியிருந்தன. ஆண்குளவி பூவைத் தன் இனப் பெண்ணெனக் கொள்கின்றது. அடுத்த பூவில் மீண்டும் ஏமாறுகையில் மகரந்தத்தை அங்கு சேர்க்கின்றது. இம்முடிவை அவர் ஐயத்துக்கிடமின்றி எழுதினார். ஒக்ஸ்போட் பேராசிரியர் பூல்ற்றனின் ஆதரவுடன் அவரது ஆய்வு இலண்டன் பூச்சியியற் கழகத்தின் ஏட்டிலும் வெளிவந்தது. 1949 இல் அவுஸ்திரேலிய இயற்கை வரலாற்றுப் பதக்கத்தைப் பெற்ற முதற் பெண்ணும் அவரே.

அவரது தொடர் ஆய்வுகளாலும் பின்வந்தோர் முயற்சியாலும், ஓவாட்டா உட்பட இச்சாதியின் ஐந்து அவுஸ்திரேலிய இனங்களுக்கும் லிசோபிம்பிளா எக்செல்சா என்ற ஒரே குளவியே மகரந்தச் சேர்க்கை நிகழ்த்துகின்றது என்பது தெளிவாயிற்று. 2019 இல் ஓவாட்டாவின் பூவிலிருந்து அக்குளவியைத் தொலைவிலிருந்தே ஈர்க்கும் இரசாயனப் பொருள்கள் இனங்காணப்பட்டன. பிறவுணின் உலர்மாதிரிகளில் இவற்றுக்கு இடமில்லை. உலர்ந்த பூவிற் கட்டமைப்பு எஞ்சும். மணமும் குளவியின் வருகையும் எஞ்சா. பெயருக்கும் அறிவுக்கும் இடையே நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி நேர்ந்ததன் காரணம் அறிஞரின் திறமைக் குறைவன்று. அவர்கள் நோக்கிய இடமே காரணம்.

இது கடந்தகாலச் செய்தி மட்டுமன்று. ஓவாட்டா இன்றும் அருகிய இனமாகக் கணிக்கப்படவில்லை. ஆயின், அது வளரும் நிலப்பரப்பின் ஒரு கூறாகிய சுவான் கரையோரச் சமவெளியிற் காடுகள் பெரிதும் வெட்டப்பட்டுள்ளன. அங்குள்ள பாங்சியா மரக்காடுகள் 2016 இல் அருகிவரும் சூழற்றொகுதியென அவுஸ்திரேலிய அரசாற் பட்டியலிடப்பட்டன. இவ்வோர்க்கிட் வித்துண்டாக்க அக்குளவி வேண்டும். குளவியின் குடம்பி வளர அந்துப்பூச்சியின் மயிர்க்கொட்டி வேண்டும். ஓர்க்கிட்டின் நுண்வித்து முளைக்க மண்ணிற் பங்கசு வேண்டும். செடிகளை எண்ணும் பட்டியல் இவ்வுறவுகளை எண்ணுவதில்லை. குளவி நீங்கிய காட்டிலும் செடி சில காலம் பசுமையாக நிற்கும். பட்டியலிற் பெயரும் நிற்கும்.

ஆகவே, ஓர் உயிரைக் காத்தல் என்பது அதன் உறவுகளைக் காத்தலாகும். அவ்வுறவுகளை அறிவதற்கு ஆய்வுகூடமும் நூலகமும் இன்றியமையாதவை. ஆயினும், காட்டிற் பூவின் முன் பொறுமையோடு அமர்ந்திருப்போரின் அவதானிப்பை, அவர் பட்டம் பெற்றவரா என வினவாது செவிமடுக்கும் பண்பும் கற்றோர்க்கு வேண்டும். ஓவாட்டாவின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.