'சஸ்பென்ஸ்': ஒரு சொல்லின் பொருள் வரலாறு

தமிழில் பரவலாக வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'சஸ்பென்ஸ்' ஒன்று. தமிழ் வழக்கில் இச்சொல் அடைந்த பொருள் மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இதன் மூலம் 'தொங்கவிடு' எனப் பொருள்படும் 'சஸ்பெண்டெரெ' என்னும் இலத்தீன் வினையாகும். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல், முடிவெடுக்காமல் நிறுத்திவைக்கப்பட்ட நிலையைச் சட்ட வழக்கில் குறித்தது. அந்நூற்றாண்டிலேயே முடிவறியாத மனத்தின் தவிப்பையும் குறிக்கலாயிற்று. கதை, திரைப்படம் சார்ந்த பொருள் மிகவும் பிற்பட்டது. 1913இல் லோயிஸ் வெபரும் பிலிப்ஸ் ஸ்மாலியும் இயக்கிய குறும்படம் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டிருந்தது.

1962இல் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதன் பொருளை வரையறுத்தார். மேசைக்கடியில் உள்ள குண்டு திடீரென வெடித்தால் பார்வையாளர் அடைவது கணநேர அதிர்ச்சி. குண்டு இருப்பதையும் அது வெடிக்கும் நேரத்தையும் அவர்கள் முன்னரே அறிந்திருந்தால், பாத்திரங்களின் சாதாரணப் பேச்சும் தவிப்பூட்டும். இங்கு உண்மை மறைக்கப்படவில்லை. முடிவு மட்டுமே தள்ளிவைக்கப்படுகிறது.

தமிழ்ப் பேச்சு வழக்கோ இதற்கு நேர்மாறானது. 'சஸ்பென்ஸ் வைக்காமல் சொல்' என்பதில் இச்சொல் மறைபொருளையே சுட்டுகிறது. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) இன்றும் சஸ்பென்ஸ் படமாகப் பேசப்படுகிறது. கொலை தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிட, கொலையாளி யார் என்பது மட்டும் இறுதிவரை மறைக்கப்படுவதால், ஹிட்ச்காக்கின் வரையறைப்படி அது மர்மப் படமே. தமிழில் மர்மம், சஸ்பென்ஸ் என்னும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

எனினும் மூலப்பொருள் தமிழில் முற்றிலும் அற்றுப்போகவில்லை. கணக்கியலில் உரிய தலைப்பு தெரியாத தொகையை நிறுத்திவைக்கும் கணக்கு தமிழகத்தில் 'அனாமத்துக் கணக்கு' எனவும் இலங்கையில் 'தொங்கல் கணக்கு' எனவும் வழங்குகிறது. இவற்றுள் பின்னது இலத்தீன் மூலத்தின் நேர்ப்பொருளைக் கொண்டது. பணியாளரை 'இடைநீக்கம்' செய்வதிலும் இறுதி முடிவு தள்ளிவைக்கப்படும் நிலையே உள்ளது.

ஆகவே 'சஸ்பென்ஸ்' என்பதை 'மர்மம்' என மொழிபெயர்ப்பது திறனாய்வில் பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். மர்மத்தில் வாசகர் நடந்ததை அறியாமல் தேடுகிறார். சஸ்பென்ஸில் நடக்கவிருப்பதை அஞ்சிக் காத்திருக்கிறார். அக்காத்திருப்பைக் குறிக்கத் 'தவிப்பு' என்னும் பழகிய சொல்லே பொருத்தமானது.